நிற்காத புள்ளி

பேட்டரி போட்ட துப்பாக்கியைப் பற்றி ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஓரின் எட்டு வருஷமாகப் பேசாத பேச்சில்லை. துப்பாக்கியின் தலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கண்ணாடியை மாட்டி, அதற்குள் தெரியும் சிவப்புப் புள்ளியை ஆள்மீது வைத்துச் சுடுவதை அவர் ஆண்பிள்ளை வேலையாகவே ஒப்புக்கொண்டதில்லை. வில்மாவின் துப்பாக்கிக் கடையில் எவனாவது அந்த ரெட் டாட்டுக்கு விலை கேட்டால் போதும், காபி மேசைப் பக்கத்திலிருந்து இவர் குரல் வரும்: "குறி பாக்க கரண்டு வேணும்னா வீட்ல உக்காந்து டிவி பாருடா." அப்படிப்பட்ட மனிதர் அந்தப் புதன்கிழமை காலையில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குள் நுழைந்து, நேராக ரெட் டாட்டுகள் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றார்.

காபி மேசையில் ஹார்லன் உட்கார்ந்திருந்தார். நிலக்கரி லாரி ஓட்டி ஓய்ந்தவர். மனைவி போனதிலிருந்து காலை எட்டு மணிக்குக் கடை திறக்கும்போது வந்தால் மத்தியானம்தான் எழுந்திருப்பார். கையிலிருந்த டோனட்டை அப்படியே கீழே வைத்தார்.

"வில்மா, வெளிய போய்ப் பாரு. வானம் இடிஞ்சு ரோட்டுல கெடக்கும்."

"வாய மூடு ஹார்லன்," என்றார் ஓரின்.

"நான் ஒண்ணும் சொல்லலையே. ஆபீசர் டிவி பாக்க வந்திருக்காரு, ஒரு நல்ல நாற்காலி எடுத்துப் போடுன்னுதான் சொல்றேன்."

வில்மா சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஓரினோடு ஒரே வகுப்பில் படித்தவள். புருஷன் செத்தபின் கடையைத் தனியாக நடத்துகிறாள். யார் எதற்காக வருகிறார்கள் என்பது அந்த ஊரில் அவளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். கோல்பி நேற்று ஜாமீனில் வெளியே வந்த செய்தியும் அவளுக்குத் தெரியும். கடை வாசலில் நிற்கும் ஓரினின் டிரக்குக்குள், கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவர் மகள் ஜனெல் என்பதையும் ஜன்னல் வழியே பார்த்துவிட்டாள்.

"உள்ள கூட்டிட்டு வரலாமே அவள?"

"வரமாட்டா. துப்பாக்கின்னாலே ஆகாது அவளுக்கு. அந்தப் பய சாப்பாட்டு மேசையில தட்டுக்குப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத்தான் சாப்பிடுவானாம்."

கோல்பி ஜனெலின் புருஷன். பிப்ரவரியில் அவள் தாடையை உடைத்துவிட்டு உள்ளே போனவன். வழக்கு மூன்று முறை தள்ளிப் போயிற்று. போன வாரம் நீதிபதி ஜாமீன் தொகையைக் குறைக்க, நேற்று காலை அவன் அம்மா பணத்தைக் கட்டி வெளியே எடுத்துவிட்டாள். ஜனெல் இருக்கும் இடத்துக்கு ஐந்நூறு அடிக்குள் வரக்கூடாது என்று கோர்ட் காகிதம் கொடுத்திருக்கிறது. அருமையான காகிதம், முத்திரையெல்லாம் இருக்கிறது. அந்த மாதிரிக் காகிதங்களை ஷெரிப் அலுவலகத்தில் டெபுடியாக இருந்த இருபத்தெட்டு வருஷமும் ஓரின் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர்தான். காகிதம் கொடுத்த வீட்டுக்கே திரும்ப ஆம்புலன்ஸோடு போனதும் உண்டு. அவர் வீடு மலையிடுக்கில், கடைசி வளைவுக்கு அப்பால். கூப்பிட்டால் போலீஸ் கார் வந்துசேர நாற்பது நிமிஷம். அந்தக் காரை ஓட்டியவருக்கு இதை யாரும் சொல்லத் தேவையில்லை.

ஆகவே ஒரு பக்கம் கோல்பி, மறுபக்கம் மகளும் ஏழு வயதுப் பேத்தி டெஸ்ஸாவும் என்றால் நடுவில் இருப்பது ஓரின் மட்டும்தான். அவர் இடுப்பில், சட்டைக்கு உள்ளே, எப்போதும் இருக்கும் அந்தக் குட்டைத் துப்பாக்கி மட்டும்தான். "நான் இருக்கறவரைக்கும் அவன் நம்ம வாசப்படிய மிதிக்க மாட்டான்" என்று பிப்ரவரியில் ஆஸ்பத்திரியில் வைத்து ஜனெலிடம் சொன்னார். தாடையில் கம்பி கட்டியிருந்ததால் அவளால் பதில் பேச முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, போன சனிக்கிழமை வரை. ஓய்வுபெற்ற டெபுடிகள் வருஷத்துக்கு ஒருமுறை சுட்டுக்காட்டி, துப்பாக்கி வைத்துக்கொள்ளும் அட்டையைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இருபத்தைந்து குண்டில் இருபது உள்ளே விழவேண்டும். ஓரினுக்குப் பதினான்கு விழுந்தது. போன வருஷம் இருபத்துமூன்று. காகித மனிதனின் தோளுக்கு வெளியே, காதுக்கு வெளியே என்று ஓட்டைகள் கண்டபடி இருந்தன. சுடப் பழக்கும் பையன், ஓரினின் பழைய சகாவின் மகன், காகிதத்தைச் சுருட்டிக்கொண்டே ரொம்ப மரியாதையாகச் சொன்னான்: "கண்ணுதான் சார். அறுபதுக்கு மேல எல்லாருக்கும் முன்குறி மங்கிடும். ஒரு ரெட் டாட் மாட்டிட்டு அடுத்த சனிக்கிழமை வாங்க."

கண் என்றதும் ஓரினுக்கு உயிர் வந்தது. அந்த ஊரில் கண் போனால் கேலி செய்வார்கள், அவ்வளவுதான். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேலியில் சேர்ந்துகொள்ளலாம். சட்டைப் பொத்தான் மாட்ட நேரமாவதற்கும் சாவி துவாரத்தைச் சுற்றி உரசுவதற்கும்கூடக் கண்தான் காரணம் என்று அவர் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தார். பழைய முறையில் துப்பாக்கியின் பின்னாலிருக்கும் பள்ளம், முன்னாலிருக்கும் மேடு, அதற்கப்பால் ஆள், மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும். வயதான கண்ணுக்கு அந்த மேடு பஞ்சுபோலத்தான் தெரியும். புள்ளியென்றால் அந்தத் தொல்லை இல்லை. ஆளைப் பார், புள்ளியை ஆள்மேல் வை, அமுக்கு.

"காட்டு," என்றார் வில்மாவிடம்.

அவர் துப்பாக்கியை முதலில் வாங்கிக்கொண்டாள். தோட்டாக் கூட்டை உருவி, மேலிரும்பைப் பின்னுக்கு இழுத்து, அறைக்குள் ஒன்றுமில்லை என்று விரலை விட்டுப் பார்த்து, அவருக்கும் காட்டி மேசைமேல் வைத்தாள். அதன் தலையில் புள்ளிக் கண்ணாடிக்கென்றே ஒரு சிறு பள்ளம் வெட்டி, மூடி போட்டுத்தான் கம்பெனியில் விற்கிறார்கள். மூன்று வருஷமாக அந்த மூடியை ஓரின் கழற்றியதில்லை.

"இது ஒல்லி ஒடம்பு. பெரிய கண்ணாடியெல்லாம் இதுமேல உக்காராது, ரெண்டு பக்கமும் துருத்திக்கிட்டு நிக்கும். இந்த நாலுதான் சரிப்படும்." நீலப் பிளாஸ்டிக்கில் செய்த நான்கு போலித் துப்பாக்கிகளை எடுத்து வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கண்ணாடி. "இது ரெண்டும் தொறந்த வகை. வெல கம்மி. ஆனா வெளக்கு வெளிய இருக்கும். வைக்கோல் தூசி, சட்டைப் பஞ்சு எதுனா போய் ஒக்காந்துச்சுன்னா புள்ளி காணாமப் போயிடும். இது ரெண்டும் டப்பா மாதிரி மூடினது. உன்ன மாதிரி வேர்த்துக்கிட்டு மாட்டுக்கு வைக்கோல் போடற ஆளுக்கு இதுதான்."

"பேட்டரி?"

"பக்கவாட்டுல தொறந்து மாத்தலாம். கழட்டி மாட்ட வேணாம். சும்மா இருந்தா தூங்கும், கையில எடுத்தா முழிச்சுக்கும்."

"ஆபீசர விட சுறுசுறுப்பு," என்றார் ஹார்லன்.

ஓரின் முதல் போலித் துப்பாக்கியை எடுத்தார். எதிர்ச்சுவரில் ஒரு மான் தலை மாட்டியிருந்தது. ஊரில் பாதிப் பேர் அதன் கண்ணைப் பார்த்துக் குறிவைத்துத்தான் துப்பாக்கி வாங்கியிருக்கிறார்கள். இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார். கண்ணாடிக்குள் சிவப்பாகப் புள்ளி வந்தது. வந்து, மானின் கண்ணில் உட்காராமல், நெற்றிக்குப் போய், மூக்குக்கு இறங்கி, காதோரம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி நெற்றிக்கு ஏறியது.

கீழே வைத்தார். "இது சரியில்ல."

"எது சரியில்ல?"

"புள்ளி சரியில்ல. அடுத்தது குடு."

அடுத்ததிலும் அதே கதை. புள்ளி சூடான சட்டியில் விழுந்த எண்ணெய்த் துளி மாதிரி துடித்தது. மூச்சைப் பிடித்துப் பார்த்தார். தோளை இறுக்கிப் பார்த்தார். இறுக்க இறுக்க அது அதிகமாகத் துள்ளியது. மூன்றாவதை எடுத்தார். வில்மா கொடுப்பதற்கு முன்பே நான்காவதைப் பிடுங்காத குறையாக எடுத்தார்.

"என்னய்யா, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறியா?" என்றார் ஹார்லன். "இதுல மூக்கு கோணல், அதுல பல்லு எடுப்புன்னு."

"நாலுமே தேய்ஞ்ச சரக்கு. டெமோவுக்கு வெச்சு வெச்சு எல்லாப் பயலும் கீழ போட்டிருப்பானுங்க."

வில்மா பொறுமையாக இருந்தாள். "உனக்குப் புள்ளி எப்படித் தெரியுது? உருண்டையாவா, சிதறின மாதிரியா? கண்ணுல கோணல் இருந்தா நட்சத்திரம் மாதிரி சிதறும். நெறைய பேருக்கு இருக்கு. வெக்கப்பட ஒண்ணுமில்ல." தன் போனை எடுத்து, அவர் கையிலிருந்த போலித் துப்பாக்கியின் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து ஒரு படம் பிடித்தாள். அது அந்தக் கடையில் வழக்கம். கண்ணில் குறையா, கண்ணாடியில் குறையா என்று சண்டை வந்தால் போனைத் தீர்ப்புச் சொல்லவிடுவார்கள். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். புள்ளி வட்டமாக, சுத்தமாக இருந்தது.

"போனுக்கு உருண்டையாத்தான் தெரியுது. உனக்கு?"

"உருண்டையாத்தான்."

"அப்ப கண்ணும் நல்லாருக்கு, கண்ணாடியும் நல்லாருக்கு. வேற என்ன?"

"ஊருது," என்றார் ஓரின்.

"என்ன ஊருது?"

"புள்ளி ஊருது. ஒரு எடத்துல நிக்கமாட்டேங்குது."

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. ஹார்லன் டோனட்டைக் கடித்தவர் மெல்லவில்லை. வில்மா அவர் முகத்தைப் பார்க்காமல், மேசைக்கடியிலிருந்து ஒரு சிறு மணல்மூட்டையை எடுத்து வைத்தாள். அதன்மேல் போலித் துப்பாக்கியைப் படுக்க வைத்து, மானை நோக்கித் திருப்பினாள். "கைய வைக்காத. குனிஞ்சு பாரு."

குனிந்து பார்த்தார். மானின் கண்ணில் புள்ளி குத்தி வைத்தது போல நின்றது.

பழைய முறையில் இது தெரிந்திருக்காது. இரும்பு மேட்டையும் பள்ளத்தையும் வைத்துக் குறி பார்க்கிறவனுக்குத் தன் கை ஆடுவது பாதிகூடத் தெரியாது. மங்கலாக இருக்கிறது என்று கண்ணைத் திட்டிக்கொள்ளலாம். புள்ளிக்கு அந்தத் தயவு கிடையாது. கையில் நூலளவு நடுக்கம் இருந்தால் சுவரில் முழம் அளவுக்குக் காட்டிக்கொடுக்கும். அதிலும் ஒரு கொடுமை, அதைப் பார்ப்பது துப்பாக்கியைக் கையில் பிடித்திருக்கிறவன் ஒருவன் மட்டும்தான். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒரு கிழவன் கையை நீட்டிக்கொண்டு நிற்பது மட்டும்தான் தெரியும். ஓரின் நினைத்திருந்தால் வாயை மூடிக்கொண்டு ஒன்றை வாங்கிப் போயிருக்கலாம். அவர் வாயே அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"காலையில காபி கொஞ்சம் அதிகமாயிடுச்சு," என்றார்.

"நானும் மூணு கப்பு குடிச்சேன்," என்றார் ஹார்லன், அவரை ஆதரிப்பதாக நினைத்துக்கொண்டு. அதில் கேலியே இல்லை. முப்பது வருஷத்தில் அந்த மனிதர் இவரிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை.

வில்மா குரலைத் தாழ்த்தினாள். "எத்தன நாளா?"

"எது எத்தன நாளா?"

"ஓரின்."

"புள்ளி பெருசா இருக்கறது ஒண்ணு வேணும். இதவிட ரெண்டு மடங்கு பெருசு வருதாமே. வெளிச்சத்தையும் கம்மி பண்ணி வெச்சுக்கிட்டா ஆடறது அவ்வளவா தெரியாது."

"தெரியாதுதான். ஆனா ஆடும்."

"நீ மாட்டிக் குடு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"மாட்டறதுக்கு எனக்குப் பத்து நிமிஷம். காசு வாங்கிட்டு உன்ன அனுப்பிச்சுடலாம். நீ எனக்கு வேண்டாதவனா இருந்தா அதத்தான் செய்வேன்." மணல்மூட்டையைத் தூக்கி மேசைக்கடியில் வைத்தாள். "அந்த வீட்ல ஒரு பொண்ணும் ஒரு கொழந்தையும் இருக்கு. அவன் கதவ ஒடச்சுக்கிட்டு வரும்போது அதுங்க எங்க இருக்கும்? அவனுக்குப் பின்னாடியா, பக்கத்துலயா? உன் குண்டு மூக்குக்குப் போகுமா காதுக்குப் போகுமான்னு உனக்கே தெரியல. யோசிச்சுப் பாரு, மானு இல்ல அங்க."

ஓரினுக்குக் கோபம் வந்தது. மேசையைக் குத்த வேண்டும், இவளுக்கு என்ன தெரியும் என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் அவள் சொன்னதை அவர் கண்ணே நான்கு தடவை பார்த்துவிட்டது. காதோரம் சுற்றிய புள்ளி ஏழு வயதுக் குழந்தையின் உயரத்துக்கும் இறங்கும் என்று நினைத்த மாத்திரத்தில் கோபம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. பயம்தான் மிஞ்சியது. எத்தனையோ இருட்டு வீடுகளுக்குள் கதவை உதைத்துக்கொண்டு போயிருக்கிறார். இப்படி ஒரு பயம் அவருக்கு வந்ததில்லை.

தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அக்டோபர் வெயில் சுள்ளென்று இல்லாமல் டிரக்கின் மேல் படுத்திருந்தது. ஜனெல் உள்ளிருந்து பூட்டைத் திறந்தாள். மடியில் போனைக் கவிழ்த்து வைத்திருந்தாள். டெஸ்ஸாவின் பள்ளிக்கூடத்திலிருந்து ஏதாவது வருமோ என்று அரைமணிக்கு ஒருமுறை பார்ப்பது நேற்றிலிருந்து அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

"கெடச்சுதாப்பா?"

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிடித்துக்கொண்டால் கை ஆடவில்லை. இத்தனை நாள் எதையாவது பிடித்துக்கொண்டேதான் காலம் தள்ளியிருக்கிறோம் என்பது அப்போதுதான் புரிந்தது.

"அம்மாடி, அப்பாவுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"ம்."

"கைதான்," என்றார். "கை ஆடுது. நான் கண்ணுன்னு நெனச்சேன். சத்தியமா கண்ணுன்னுதான் நெனச்சேன்."

ஜனெல் முன்கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பியை எடுத்த பிறகும் அவள் தாடை ஒரு பக்கம் சற்று இறங்கித்தான் இருக்கும்.

"தெரியும்ப்பா."

"என்ன தெரியும்?"

"மார்ச் மாசத்துலேர்ந்து உனக்கு அரைக் கப்புக் காபிதானே ஊத்தறேன். நீ ஒருநாளாவது ஏன்னு கேட்டியா?"

அவர் கேட்டதில்லை. சிக்கனம் என்று நினைத்திருந்தார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"நீ ராத்திரி கதவ மூணு தரம் பூட்டிப் பாத்துட்டு, எங்கிட்ட வந்து 'நான் இருக்கேன், தூங்கு'ன்னு சொல்லுவ. நான் சரின்னா நீ போய்த் தூங்குவ. ஒருத்தராவது தூங்கட்டுமேன்னுதான்."

ஓரின் அழுதார். வெட்கமில்லாமல், சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு அழுதார். அவள் முதுகில் தட்டவில்லை, கையைப் பிடிக்கவில்லை. அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"எங்க போற?"

"உள்ள."

"உனக்குத்தான் ஆகாதே அது."

"ஆகாதுதான்," என்று இறங்கினாள்.

அவளைப் பார்த்ததும் ஹார்லன் எழுந்து நின்று தொப்பியைத் தொட்டார். உட்கார்ந்தால் தப்பு, போனாலும் தப்பு என்பது போல அங்கேயே நின்றார். வில்மா நான்கில் ஒன்றை மட்டும், டப்பா மாதிரி மூடியதை, ஜனெலுக்கு முன்னால் நகர்த்தினாள்.

"இது பிளாஸ்டிக்குதாம்மா. ஒண்ணும் பண்ணாது."

ஜனெல் அதைத் தொடுவதற்கு முன் உள்ளங்கையை ஜீன்ஸில் தேய்த்துக்கொண்டாள். எடுத்தாள். சின்ன வயதில் ஓரின் ஒருமுறை காட்டிக் கொடுத்தபடி வலதுகையை இடதுகையால் கட்டிப் பிடித்து மானை நோக்கி நீட்டினாள். முதலில் புள்ளி அவளுக்குக் கிடைக்கவில்லை. கண்ணாடி வெறுமையாக இருக்கிறது என்றாள். மணிக்கட்டைக் கொஞ்சம் தாழ்த்து என்றாள் வில்மா. தாழ்த்தினாள்.

கூடவே உள்ளே வந்த ஓரின் அவள் பின்னால் நின்றுகொண்டு ஒன்றே ஒன்றை வேண்டிக்கொண்டிருந்தார். ஆட வேண்டும். பயத்தில் இவள் கை வெடவெடவென்று ஆட வேண்டும். ஆடினால் இதை எல்லோருமாகச் சேர்ந்து கைவிட்டுவிடலாம். இண்டியானா மாநிலத்தில் இருக்கும் தன் அக்காள் வீட்டுக்கு இவர்களை அனுப்பிவிடலாம், வீட்டை விற்றுவிடலாம், எதையாவது செய்யலாம்.

"புள்ளி என்ன பண்ணுது?" என்று கேட்டாள் வில்மா.

"நிக்குது."

"சுத்தமாவா?"

"மானோட கண்ணுல நிக்குது."

"இன்னொரு தரம் பாரும்மா," என்றார் ஓரின். "அவசரப்படாத. நல்லாப் பாரு."

அவள் பார்த்தாள். ஹார்லனின் மூச்சுச் சத்தம் கேட்டது.

"நிக்குதுப்பா. கொஞ்சங்கூட ஆடல."

அவள் குரலில் பெருமையும் இல்லை, பயமும் இல்லை. மழை நின்றுவிட்டது என்று சொல்கிற குரல். போலித் துப்பாக்கியை மேசைமேல் அலுங்காமல் வைத்தாள்.

"ஆன்ட்டி, பன்னெண்டு அடிக்குப் புள்ளி சின்னதா இருக்கணுமா, பெருசா இருக்கணுமா?"

வில்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "பெருசே போதும். சட்டுனு கண்ணுக்குக் கெடைக்கும். அது என்ன பன்னெண்டு அடி?"

"வாசக்கதவுலேர்ந்து சோபாவுக்குப் பின்னாடி வரைக்கும். அங்க நின்னா எனக்குப் பின்னாடி குளியலறைக் கதவு. என்னத் தாண்டித்தான் அவன் அங்க போக முடியும். நேத்து சாயங்காலம் அப்பா மாட்டுக்கொட்டாய்க்குப் போனப்போ டேப்பு வெச்சு அளந்தேன்."

ஓரின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று மாட்டுக்கொட்டகையிலிருந்து அவர் திரும்பி வந்தபோது அவள் அடுப்பில் சோளரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். நான் இருக்கேன் என்று நேற்றிரவும் அவளிடம் சொன்னார். சரிப்பா என்றாள்.

"நான் எங்க நிக்கறேன்?" என்று கேட்டார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "அந்தப் பன்னெண்டு அடியில, நான் எங்க?"

ஜனெல் முதன்முறையாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீ டெஸ்ஸாகூட குளியலறையில இருப்பப்பா. அவள தொட்டிக்குள்ள படுக்க வெச்சுட்டு நீ பக்கத்துல உக்காந்துக்கோ. அவ பயந்தா உன் கையத்தான் புடிச்சுப்பா."

ஓரின் சரி என்று தலையை ஆட்டினார். வில்மா திருகுக்கோலை எடுத்து, அவர் துப்பாக்கியின் தலையிலிருந்த மூடியைக் கழற்றத் தொடங்கினாள். இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனையோ வீடுகளில் சத்தமெல்லாம் அடங்கிய பிறகு குளியலறைக் கதவைத் தட்டி, போலீஸ்தான், பயப்படாதீங்க, வெளிய வாங்க என்று கூப்பிட்டவர் அவர். உள்ளே குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக இப்போது அவருக்கு நினைவுக்கு வந்தன.